பிசிறு

கொதிகலன் பழுதென்று கூப்பிட்ட வீட்டில்
நிலவறைக் கரித்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது.
அலுமினியத் தட்டு, மேலே கறுப்பு அரக்கு,
விளிம்பெங்கும் உப்புப் பூத்தாற்போல் வெண்பொடி.
எடுத்துக்கொண்டு போ என்றார் வீட்டுக்காரர்,
வேண்டாத பூனைக்குட்டியைத் தள்ளிவிடும் குரலில்.

நடுக்காகிதத்தில் பென்சில் எழுத்து:
டோர் தெரு. செவ்வாய். 1946.
டிராம்போன் வெ. ஸ்டோக்ஸ்.

டொலீடோவில் இருபது குளிர்காலம்
அடுப்பும் குழாயுமாகக் கழித்தவன் நான்.
இசை தெரியாது. காற்று எங்கே கசிகிறதென்று
காதால் கண்டுபிடிக்கத் தெரியும், அவ்வளவே.

வெதுநீரில் கழுவி, துணியால் ஒற்றி
ஊசியை இறக்கினேன்.
முதலில் வாணலியில் கொழுப்பு பொரிகிற சத்தம்.
ஒரு குவளை விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.
டிரம்ஸ்காரன் அவசரக்காரன்.
பியானோவில் இரண்டு கட்டைகள் ஊமை.
அப்புறம் அந்த டிராம்போன்,
நெரிசலுக்குள் தோளால் வழி பண்ணிக்கொண்டு.

இரண்டாம் சுற்றில் ஒரு சுரம் பிசிறியது.
எவராயிருந்தாலும் தாண்டி ஓடியிருப்பார்கள்.
அந்த மூச்சு திரும்பி வந்தது.
அதே இடத்தை மறுபடி மிதித்தது. மறுபடியும்.
பிழைக்கு ஒரு நாற்காலி போட்டு
உட்கார், உன்னிடம் பேசவேண்டும் என்றது.
அரங்கம் கத்தியது.
நானும் கத்தினேன், ஆளில்லாத சமையலறையில்,
நாற்பத்து மூன்று வருஷம் தாமதமாக.

கறுப்பின இசைஞர் சங்கத்தின் பேரேடு
ஒரு தேவாலய அலமாரியில்
துதிப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது.
வெர்டெல் ஸ்டோக்ஸ். பெண். சந்தா பாக்கி, 48 முதல்.
தொலைபேசிப் புத்தகத்தில் ஸ்டோக்ஸ்கள் பதினான்கு.
ஒன்பதாவது ஆள் சொன்னான்:
"எங்கள் அத்தை. முப்பத்தொரு வருஷம் ஸ்பார்க் பிளக் ஆலை.
டிராம்போனா? அத்தையா? தப்பான எண், ஐயா."

எண் சரிதான்.
மௌமி ஆறு தெரிகிற முதியோர் விடுதியில்
ஜன்னலோர நாற்காலி, முழங்காலில் பச்சைப் போர்வை.
வானொலி நிலையத்துக்கு அதற்குள் எழுதிவிட்டிருந்தேன்,
கண்டெடுத்தேன், உயிரோடிருக்கிறார் என்று.
ஒலிநாடாவை ஓடவிட்டேன்.
கேட்டு முடித்தும் ஆற்றையே பார்த்திருந்தாள்.

"நானில்லை" என்றாள்.

"லூடி. பெட்டி என்று ஏதோ முடியும் அவள் குடும்பப் பெயர்.
அன்று காலை எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது.
என் கருவியை எடுத்துக்கொண்டாள், என் நாலு டாலரையும்.
குறிப்புத்தாள் பார்த்து வாசிக்கத் தெரியாது.
எழுதினவன் ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியிருப்பான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் பிசிறு என் கருவியுடையது.
குழல் நீள்கிற நாலாவது இடத்தில் ஒரு நசுங்கல்.
ரெண்டு வருஷம் அதைச் சுற்றிச் சுற்றியே வாசித்தேன்,
பள்ளம் தெரிந்த தெருவில் நடக்கிற மாதிரி.
அவள் முதல் ராத்திரியே அதில் விழுந்தாள்,
விழுந்த இடத்திலேயே வீடு கட்டிவிட்டாள்.
கன்னத்தில் கிராம்போடு
சமையல்கட்டுக் கதவோரம் நின்று கேட்டேன்.
அப்புறமும் வாசித்தேன் கொஞ்ச நாள்.
நன்றாக இல்லை."

பேரேட்டில் லூடி இல்லை.
சந்தா கட்டினவர்களுக்குத்தானே பேரேடு.

பையிலிருந்து தட்டை எடுத்து
பென்சிலையும் அழிப்பானையும் அவளிடம் காட்டினேன்.
"என் பெயரை அழிக்காதே" என்றாள் சட்டென்று.
"கருவி என்னுடையது."
அடியில் எழுதினேன்: ஊதியது லூடி.
பென்சில் அரக்கின் விளிம்பில் கொஞ்சம் வழுக்கியது.

மறுமுறை ஓடவிட்டபோது
போர்வை மேல் அவள் வலக்கை நீண்டது.
நாலாவது இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால்
நின்றுவிட்டது.

"மறுபக்கம் போடு."
மறுபக்கத்தில் ஒன்றும் பதியவில்லை என்றேன்.
"அதற்குள் போயிருப்பாள்" என்றாள்.
"டெட்ராய்ட்டுக்குக் கடைசிப் பேருந்து
பதினொன்றரைக்கு."